சிவப்புக் கயிறு கட்டிய பை

செப்டம்பர் 3

இங்கே எல்லோரும் தினம் நோட்டில் எழுதுகிறார்கள். பூரணி மேடம் பனிப்பாறை எவ்வளவு உருகியது என்று எழுதுகிறார். ஷபானா காற்றையும் வெயிலையும் எழுதுகிறாள். இன்னாசி பனிக்குள் நட்ட கம்புகளை அளந்து எழுதுகிறான். நான் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று ஷபானாவிடம் ஒரு நோட்டு கேட்டு வாங்கினேன்.

என் பெயர் உச்சிமாகாளி. சங்கரன்கோவில்காரன். இருபது வருஷம் கல்யாணச் சமையல், அப்புறம் சென்னையில் மேடம் வேலை பார்க்கும் கல்லூரியின் விடுதி மெஸ்ஸில் எட்டு வருஷம். போன வருஷம் லடாக் வந்த பிள்ளைகள் பாக்கெட் நூடுல்ஸ் தின்று எலும்பும் தோலுமாகத் திரும்பினார்களாம். இந்த வருஷம் மேடம் என்னைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். மேடம், இரண்டு மாணவர்கள், நான், உள்ளூர் ஆள் ஸ்டான்ஸின், ஆக ஐந்து பேர். சாலைக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும். இருபதாம் தேதி வாக்கில் கோவேறு கழுதைகள் வந்து எங்களைக் கீழே இறக்கும்.

இந்த உயரத்தில் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. வெந்தாலும் தின்ன ஆள் இல்லை. யாருக்கும் பசியே எடுப்பதில்லை. இன்னாசி தூத்துக்குடிப் பையன், இருபத்துநாலு வயது, தட்டை வாங்கி இரண்டு வாய் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். ஆயிரம் பேர் பந்தியைச் சமாளித்தவனுக்கு அந்தத் தட்டைக் கழுவும்போது எரிச்சலாக வருகிறது.

இனிப்பு மட்டும் கொஞ்சம் இறங்குகிறது. பேரீச்சை, உலர்திராட்சை, அத்தி, முந்திரி எல்லாம் சென்னையிலிருந்தே கொண்டுவந்தோம். அப்ரிகாட் மட்டும் ஸ்டான்ஸின் வீட்டு மரத்தில் காய்த்தது. அவன் பெண்டாட்டி மாடியில் உலர்த்திக் கொட்டையோடு இரண்டு பையில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒன்றில் வெள்ளைக் கயிறு, ஒன்றில் சிவப்புக் கயிறு.

செப்டம்பர் 5

இன்று பாயசம். அப்ரிகாட்டை முந்தின நாளே ஊறப் போட்டேன். கொட்டையை ஸ்டான்ஸின் கல்லால் தட்டி உடைத்துக் கொடுத்தான். உள்ளே பாதாம் பருப்பைப் போலவே சின்னதாக ஒரு பருப்பு. அதை அரைத்து விட்டு, பால்பவுடர், வெல்லம், ஏலக்காய். இன்னாசி இரண்டு டம்ளர் குடித்தான். மேடத்துக்குச் சர்க்கரை வியாதி, மோந்து பார்த்ததோடு சரி.

சிவப்புக் கயிற்றுப் பையையும் பிரிக்கப் போனேன். ஸ்டான்ஸின் கையைப் பிடித்துவிட்டான். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஓடுவது பாதி இந்தி, பாதி சைகை. இந்தப் பழத்தின் சதையைத் தின்னலாம், பருப்பைத் தின்னக் கூடாது, அது எண்ணெய்க்கும் விளக்குக்கும்தான் என்றான். ஊரில் எல்லோருக்கும் தெரியுமாம். கயிற்றின் நிறம் அதற்காகத்தான், அவன் பெண்டாட்டி கட்டியது. தலையாட்டினேன்.

சதை நல்ல புளிப்பு. இஞ்சி தட்டிப் போட்டுப் பச்சடி செய்தேன். கொட்டைகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பலாக்கொட்டையைச் சுட்டும் மாங்கொட்டையைக் காயவைத்தும் தின்று வளர்ந்தவன் நான். கொட்டையைத் தூக்கி எறிய எனக்குக் கை வராது.

செப்டம்பர் 8

நேற்று மதியத்திலிருந்து பனி கொட்டுகிறது. இந்த மாதத்தில் இப்படி விழாது என்கிறான் ஸ்டான்ஸின். கழுதைகள் தாமதமாகலாம், மண்ணெண்ணெயைப் பார்த்துச் செலவு செய்யுங்கள் என்று மேடம் சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் அடுப்பு.

எனக்கு ஒரு வாரமாகச் சளி. மூக்கு முழுக்க அடைத்துக்கொண்டது. இது சமையல்காரனுக்குப் பெரிய நஷ்டம், அதிலும் எனக்கு. நான் சமைக்கும்போது எதையும் ருசி பார்ப்பதில்லை; சோறு பசிக்குத் தின்பேன், நான் செய்யும் இனிப்பை மட்டும் வாயில் வைப்பதே இல்லை. ஆரம்பத்தில் நாலு வருஷம் கோவில் மடப்பள்ளியில் இருந்தேன். சாமிக்கு வைக்கும் முன்னால் நாக்கில் வைக்கக் கூடாது. அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. கல்யாண வீட்டில் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று மூக்காலேயே உப்புச் சொல்வேன். இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 10

அடுப்பு இல்லாமல் செய்யும் பண்டம் கண்டுபிடித்துவிட்டேன். பேரீச்சை, திராட்சை, அத்தி, அப்ரிகாட் எல்லாவற்றையும் கல்லில் வைத்து இடித்து, வெல்லமும் பருப்பும் சேர்த்து உருண்டை. கையில் எடுத்துக்கொண்டு பனிக்குள் போய்விடலாம்.

வெள்ளைக் கயிற்றுப் பை தீர்ந்துவிட்டது. முந்திரியும் தீர்ந்துவிட்டது. இருப்பதை வைத்துச் செய்தேன். இடிக்கும்போது ஸ்டான்ஸின் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான்.

செப்டம்பர் 11

இன்னாசி காலையில் அடுப்படிக்கே வந்துவிட்டான். "அண்ணாச்சி, இது ஒண்ணுதான் தொண்டைல எறங்குது. இன்னும் ரெண்டு வச்சிருக்கியளா?" இந்த மாதத்தில் முதல் தடவையாக ஒருத்தன் வந்து கேட்கிறான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன்.

ஷபானா பாதி தின்றுவிட்டு லேசாகக் கசக்கிறதே மாஸ்டர் என்றாள். கசப்பு உடம்புக்கு நல்லது, சுண்டைக்காய் கசக்கவில்லையா, வேப்பம்பூ ரசம் கசக்கவில்லையா என்று எடுத்துவிட்டேன். அவள் மீதியைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு நாக்கு நீளம். இருந்தாலும் அடுத்த சுற்றில் வெல்லத்தைக் கூட்டிவிட்டேன்.

ஸ்டான்ஸின் தன் பங்கை வாங்கித் துணியில் முடிந்து தன் மூட்டைக்குள் போட்டுக்கொண்டான். அவன் மகளுக்காம். நாலு வயது. எங்கள் வீட்டுப் பழத்தை மதராஸி மாஸ்டர் மிட்டாய் ஆக்கிவிட்டார் என்று காட்ட வேண்டும் என்றான்.

இன்னாசிக்குச் சாயங்காலம் தலைவலி. இங்கே யாருக்குத்தான் தலைவலி இல்லை.

செப்டம்பர் 12

பகல் ஒன்றரை மணிக்கு ஸ்டான்ஸின் இன்னாசியைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தான். கம்பு அளக்கப் போன இடத்தில் வாந்தி, தலைசுற்றல். மூச்சு வேகவேகமாக வாங்குகிறது. என் பெயரைக் கேட்டால் வேறு யாரோ பெயரைச் சொல்கிறான். காலையில் நான் ஆறு உருண்டை கட்டிக் கொடுத்திருந்தேன். துணி காலியாக இருந்தது.

மேடம் பார்த்ததுமே சொல்லிவிட்டார், உயரம்தான் காரணம், மூளையில் நீர் கோத்துக்கொள்ளும், கீழே இறக்காவிட்டால் ஆள் பிழைக்க மாட்டான் என்று. சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டார்கள். சாட்டிலைட் போனில் கேட்டதற்கு மேகம் விலகாமல் ஹெலிகாப்டர் வராது என்று பதில். நாளை காலை ஸ்டான்ஸின் முதுகில் கட்டித் தூக்கிப் போவது என்று முடிவு. மேடமும் கூடப் போகிறார். நானும் ஷபானாவும் கூடாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் மேடம் என்னைக் கூப்பிட்டார். "மாஸ்டர், இவன் என்ன சாப்பிட்டான்? வேற ஏதாவது கொடுத்தீங்களா?"

"எல்லாரும் சாப்பிட்டதுதான் மேடம்" என்றேன்.

அது பொய் இல்லை. எல்லோருக்கும்தான் கொடுத்தேன்.

அதே நாள், சாயங்காலம்

மேடம் சாப்பிடவில்லை. ஷபானா பாதியோடு சரி. ஸ்டான்ஸின் மகளுக்கு முடிந்து வைத்துவிட்டான். நான் செய்யும் இனிப்பை நான் நாக்கில் வைப்பதே இல்லை. முழுதாகத் தின்றவன் இன்னாசி ஒருத்தன்தான். இதை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன்.

டப்பாவில் மிச்சமிருந்த கொட்டைகளையும், தட்டில் இருந்த உருண்டைகளையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாறைக்குப் பின்னால் பனியைத் தோண்டிப் புதைத்தேன். பாத்திரங்களை வெந்நீரில் கழுவினேன். மண்ணெண்ணெய் செலவாயிற்று.

டீ போட்டு எடுத்துக்கொண்டு மேடத்தின் கூடாரத்துக்குப் போனேன். சொல்லிவிடுவதாகத்தான் போனேன். அவர் வரைபடத்தை விரித்து ஸ்டான்ஸினோடு வழி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி, இவர்கள் போகாமல் நின்று, கடைசியில் மேடம் சொன்ன நோயாகவே இருந்துவிட்டால்? அந்தப் பையன் என்னால் செத்துப் போவான். கீழே போவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. எது காரணமாக இருந்தாலும் கீழே ஆஸ்பத்திரி இருக்கிறது. அப்படித்தான் எனக்குப் பட்டது. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். வெட்கமாகவும் இருந்தது.

செப்டம்பர் 13

காலையில் இன்னாசி தெளிந்துவிட்டான். கஞ்சி அரை டம்ளர் குடித்தான். "அண்ணாச்சி, நேத்து ஒங்களப் பாத்து என்னமோ ஒளறினேனாமே" என்று சிரித்தான். மூச்சு சீராக இருந்தது. நகம் நீலம் பாயாமல் சிவப்பாகவே இருந்தது. ஒரு அடிகூடக் கீழே இறங்காமலே சரியாகிவிட்டான்.

இன்னும் ஒரு நாள் பார்க்கலாமா மேடம் என்று கேட்டேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. இது ஆக்சிஜன் செய்கிற வேலை, சிலிண்டர் தீர்ந்ததும் மறுபடி விழுவான், அப்போது தூக்கிப் போக நேரம் இருக்காது என்றார் மேடம். அவருக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது சரியான பேச்சு.

வெளியே பனி நின்றிருந்தது, காற்று நிற்கவில்லை. ஸ்டான்ஸின் போர்வையை மடித்து இன்னாசியை முதுகில் கட்டத் தயார் செய்துகொண்டிருந்தான். ஒரு கயிறு குறைந்தது. அடுப்படிக்குள் வந்து தேடினான். சிவப்புக் கயிறு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தான். கொட்டையெல்லாம் எங்கே என்று கேட்டான்.

எறிந்துவிட்டேன் என்றேன்.

கயிற்றை இழுத்து உறுதி பார்த்தான். பிறகு, அடடா, எண்ணெய் ஆட்டியிருக்கலாமே என்று சிரித்துவிட்டு, அந்தக் கயிற்றாலேயே இன்னாசியின் காலைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தன் மூட்டையை மார்பில் மாட்டிக்கொண்டான். மேடம் மூன்று வருஷ அளவுகள் உள்ள சின்னப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஏழரை மணிக்குக் கிளம்பினார்கள். மேட்டில் ஏறித் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் ரொம்ப நேரம் இருந்தார்கள்.

செப்டம்பர் 14

இரண்டு பேருக்கு உப்புமா. போன் மேடத்தோடு போய்விட்டது. இங்கே இருக்கும் சாட்டிலைட் கருவியில் செய்தி வந்தால் பச்சை விளக்கு எரியும் என்றாள் ஷபானா. எரியவில்லை.

அரிசியில் கல் பொறுக்கினேன். கல் இல்லாத அரிசி.

செப்டம்பர் 15

பச்சை விளக்கு எரிந்தது. இன்னாசியும் மேடமும் கீழே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஸ்டான்ஸின் செத்துவிட்டான்.

செப்டம்பர் 16

ஷபானா முழுச் செய்தியையும் படித்துச் சொன்னாள். வழியில் ஒரு ஓடை. மேலே பனி மூடிப் பாலம் போல நின்றிருக்கிறது. ஸ்டான்ஸின் முதலில் தன் மூட்டையைக் கொண்டுபோய் அக்கரையில் வைத்தான். பிறகு இன்னாசியை. பிறகு மேடத்தின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். மேடத்தின் பெட்டி இக்கரையில் நின்றுவிட்டது. அதை எடுக்கத் திரும்பிப் போனபோது பனி உடைந்தது. ஒரு மைல் கீழே கிடைத்தான்.

இன்னாசி அந்த ஓடைக்கு முன்னாலேயே கீழே இறங்கித் தன் காலால் நடந்தானாம். மேடம் அதையும் எழுதியிருக்கிறார். இறக்கியதால்தான் பிழைத்தான் என்று எழுதியிருக்கிறார். கடைசி வரி, என் பெட்டிக்காகப் போனான் என்று இருந்தது.

ஷபானா அழுதாள். மேடம் இனி எப்படித் தூங்குவார் என்றாள். நான் பாத்திரம் கழுவப் போனேன். தண்ணீர் எடுத்து வர ஆள் இல்லாததால் பனியை உருக்கித்தான் கழுவ வேண்டியிருக்கிறது. உயிரோடு இருந்த ஒரு மனுஷனை நான் சும்மா இருந்தே கொன்றிருக்கிறேன். இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

செப்டம்பர் 19

நேற்றுக் கழுதைகள் வந்தன. கூடாரத்தைப் பிரித்துக் கிளம்பினோம். அந்த ஓடையைச் சுற்றிக்கொண்டு மேல்வழியாகக் கூட்டிப் போனார்கள். நான் கீழே பார்க்கவில்லை.

செப்டம்பர் 20

மதியம் ஸ்டான்ஸினின் ஊர் வந்து சேர்ந்தோம். மேடமும் இன்னாசியும் காத்திருந்தார்கள். இன்னாசி கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, எனக்காவ ஒரு ஆளு போயிட்டாருல்லா" என்று அழுதான். மேடத்தின் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. எல்லோருமாக ஸ்டான்ஸின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனோம்.

தாழ்ந்த கதவு. உள்ளே பெரிய அடுப்படி, சுவரெல்லாம் பித்தளைப் பாத்திரம் அடுக்கி வைத்திருந்தது. ஸ்டான்ஸின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அவன் பெண்டாட்டி பெயர் டோல்மா, முப்பது வயது இருக்கும். எல்லோருக்கும் டீ ஊற்றினாள். மேடம் இந்தியில் பேசப் பேச அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிக்காக என்று மேடம் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டோல்மாவுக்கு நான்தான் மாஸ்டர் என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் மாறியது. எழுந்து போய் ஸ்டான்ஸினின் மூட்டையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். அக்கரைக்கு முதலில் போன மூட்டை. யாரும் இதுவரை பிரிக்கவில்லையாம். மாஸ்டர் செய்த மிட்டாய் கொண்டுவருகிறேன் என்று கிளம்பும் முன் மேடத்தின் போனில் மகளிடம் சொல்லியிருக்கிறான், பிள்ளை தினம் கேட்கிறது, நீங்களே உங்கள் கையால் கொடுங்கள் என்றாள். மேடம்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

நான் அசையவில்லை. டோல்மாவே மூட்டையைப் பிரித்துத் துணி முடிச்சை அவிழ்த்தாள். நாலு உருண்டை இருந்தது. பிள்ளை ஒன்றை எடுத்துக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோனது.

பாய்ந்து பிடுங்கினேன். டீ கொட்டிவிட்டது. பிள்ளை வீறிட்டு அழுதது. என்ன செய்வதென்று தெரியாமல் அந்த உருண்டையை என் வாயில் போட்டுக் கடித்துவிட்டேன். முப்பது வருஷத்தில் நான் செய்த இனிப்பை நான் வாயில் வைத்தது அதுதான் முதல் தடவை. சளி விட்டுப்போயிருந்தது. அவ்வளவு வெல்லத்தையும் தாண்டி நாக்கின் அடிவரை கசந்தது. துப்பிவிட்டேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டோல்மா இன்னொரு உருண்டையை எடுத்து இரண்டாகப் பிட்டாள். மோந்து பார்த்தாள். உள்ளே இருந்த பருப்புத் துண்டை நகத்தால் நோண்டி எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள், வைத்ததும் அடுப்புச் சாம்பலில் துப்பினாள். மீதி உருண்டைகளையும் எடுத்து நெருப்பில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"லால்?"

சிவப்பா என்கிறாள். எனக்குத் தெரிந்த இந்தியே போதுமாக இருந்தது. தலையாட்டினேன்.

"என்ன கேக்கறாங்க மாஸ்டர்?" என்றார் மேடம்.

"எந்தப் பைன்னு கேக்காங்க மேடம்" என்றேன். "இன்னாசிக்கு வந்தது மலைக் கோளாறு இல்ல. நான் குடுத்த பருப்பு. தின்னக் கூடாதுன்னு ஸ்டான்ஸின் சொல்லிருந்தான். நீங்க கெளம்புறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

அப்புறம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, ஷபானா சொன்ன கசப்பு, பாறைக்குப் பின்னால் புதைத்தது, காலையில் அவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது, நான் சொன்ன பதில். இன்னாசி எழுந்து வெளியே போய்விட்டான். ஷபானா அவன் பின்னாலேயே போனாள்.

டோல்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவள் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து, பிள்ளையை மடியில் உட்காரவைத்து, உருண்டையைத் தொட்ட அந்தச் சின்னக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விரல் விரலாகக் கழுவினாள். நான் சொல்லி முடித்தேன். அவள் தண்ணீரை மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து கழுவினாள்.